மேளம் நின்ற இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். கடிதம் எழுதுவேன், பேப்பர் வாசிப்பேன், அவ்வளவுதான். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. எழுத்துக் கோணலாக இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன். சில விஷயம் மறந்தும் போயிருக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில் பெரிய ரோட்டுக்கு மேல் பக்கம் எங்கள் வீடு. இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து அவருக்கு இரண்டு வேலை. மற்ற நாட்களில் பஸ், சனி ஞாயிறில் கல்யாண வீடுகளில் ட்ரம்ஸ். அந்தக் கை அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. மாமனார் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தவர். திருவிழாவுக்கும் அவர்தான், சாவுக்கும் அவர்தான்.

போன வருஷம் இவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்து, கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் சின்னக் கம்பிச் சுருள் ஒன்று வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார்.

"ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடாத புள்ள. கொழும்புல மக வீட்டுக்குப் போயிருந்தோம்னு சொல்லு. நெஞ்சு வருத்தக்காரன்னு தெரிஞ்சா குச்சியப் புடுங்கிக்கிட்டு என்னைய கீழ ஒக்காந்து கைதட்டச் சொல்லிருவானுங்க."

சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே என் வேலையாகிவிட்டது. கிளினிக்கில் ஒரு சின்ன மண்ணிறப் போத்தல் கொடுத்தார்கள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். வெளிச்சம் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது, போத்தலை விட்டு எடுத்து வைக்கவே கூடாது என்று நர்ஸ் அம்மா இரண்டு தரம் சொன்னார். நான் அதைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். குளிக்கும்போது மட்டும் கழற்றி ஜன்னலில் வைப்பேன். அப்போதும் கண் அதன் மேல்தான் இருக்கும்.

இனி இதற்கெல்லாம் காரணமான ஒரு பாட்டு ரெக்கோர்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். இவரும் மூன்று கூட்டாளிகளும் இளம் வயதில் மாத்தளை டவுனில் ரேடியோ திருத்தும் கடையின் மேல் மாடியில் கூடுவார்களாம். கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம், நானா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு இங்கிலீஷ் ரெக்கோர்ட் இருந்தது. அட்டையில் கடலும் ஒரு வெளிச்ச வீடும். அதை மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்களாம். பாடினவர்கள் பெயர் என் வாய்க்கு வராது. அந்த நாலு பேரும் இப்போது கிழவர்கள். நானா கீபோர்ட் வாசிப்பார். யட்டவத்தயிலிருந்து வரும் சிங்களப் பல் டாக்டர் பாடுவார், ஐயா என்பதற்கு அவரை மாத்தயா என்போம். யாழ்ப்பாணத்துக்காரரான பழைய என்ஜினியர் ஐயாவுக்கு கிட்டார். என்னவருக்கு ட்ரம்ஸ்.

அந்த ரெக்கோர்ட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், அதே வரிசையில், அச்சு மாறாமல் டவுன் மண்டபத்து மேடையில் வாசிக்க வேண்டும் என்று நாலு பேரும் முடிவு செய்தார்கள். வெளியூர்களில் அப்படிச் செய்கிறார்களாம். அசல் குழு வராது, அவர்கள் மாதிரியே இவர்கள் வாசிப்பார்கள், அதைப் பார்க்கவும் ஆட்கள் வருவார்களாம். அச்சு மாறாமல் என்றால் உண்மையாகவே அச்சு மாறாமல். அந்த ரெக்கோர்ட்டில் இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் இருமுகிறார். அந்த இருமலையும் விடவில்லை. பல் டாக்டர் மாத்தயா அதற்கும் பழகினார்.

"மாத்தயா, இது சளி இருமல். அது சிகரெட் இருமல்" என்று மேல் மாடியில் பழகும்போது நானா சொன்னதை நானே கேட்டேன்.

"அப்ப நான் இந்த வயசில சிகரெட் பழகோணுமா?" என்றார் மாத்தயா, சிங்களம் கலந்த தமிழில்.

எல்லோரும் சிரித்தார்கள். கீழ்க்கடையில் திருத்த வந்த ரேடியோக்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேல் மாடிக்குப் போகும் படி ஏணி மாதிரி செங்குத்து. படி ஏறக் கூடாது என்றுதான் கண்டி ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு படியாக ஏறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுருக்குப்பையைப் பிடித்துக்கொள்வேன். மரக்கறி வாங்க வந்தேன், கால் வலிக்குது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நானாவிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே பொய்.

வீட்டில் ஒரு நாள் தைரியமாகக் கேட்டேன்.

"என்னங்க, பாரம் தூக்காதீங்க, படி ஏறாதீங்கன்னு சொன்னாங்கல்ல?"

"ட்ரம்ஸ் அடிக்காதீங்கன்னு சொன்னாங்களா?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டாத்தானே சொல்லுவாங்க. அதான் கேக்கல."

இப்படிப் பேசுகிற மனிதரிடம் என்ன சொல்வது? பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பிவிடும் என்று காலையில் தலையணையின் மேல் குச்சியால் அடித்துப் பழகுவார். இலவம் பஞ்சுத் தலையணை, சத்தமே வராது. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே எட்டிப் பார்த்தால் வாய் திறந்தபடி கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே அடிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. பிறகு நடந்ததற்கு அந்தத் தலையணையும் ஒரு காரணம்.

நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நாள் முந்தி நானா சொன்னார்: "தங்கச்சி, ரெண்டாவது பக்கத்துல ஒங்கட மாப்புள தனியத்தான். நாங்க மூணு பேரும் மேடைய விட்டு எறங்கிருவோம். அந்த மனுசன் ஒத்தைல அடிச்சி முடிக்குற மட்டும் நாங்க பிளேன்டீ குடிச்சிட்டு வரலாம்."

மாப்புள என்றால் அவர்கள் பேச்சில் புருஷன். "தனியாவா நானா? ரொம்ப நேரமா?"

"அதுதானே ரெக்கோர்ட்டுக்கே உசிரு!"

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேலேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் கேட்காத சிரிப்பு. மென்று விழுங்கிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. காலையில் அம்மன் கோவிலுக்குப் போய் மஞ்சள் துணி கட்டிவிட்டு வந்தேன். சாயந்தரம் த்ரீவீலில் போனோம். அவர் ட்ரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தார். நான் கடவுளே கடவுளே என்று வந்தேன்.

இவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை. கண்டியிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாம் கறுப்புச் சட்டை. சிலதில் மண்டையோட்டுப் படம். கூட்டம் கூச்சல் போட்டால் எனக்கு ஆகாது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இந்த டவுனில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவள் நான். அதனால் எங்கே போனாலும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அன்றைக்கு முடியவில்லை. என்ஜினியர் ஐயாவின் சம்சாரம் முன் வரிசையில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாங்கோ அக்கா, இதில இருங்கோ. ஏன் இப்பிடி வேர்த்துப்போய் இருக்கிறியள்?"

"ஒண்ணும் இல்லம்மா. சூடு."

"அவையள் நாலு பேருக்கும் இல்லாத பயம் எங்களுக்கு என்னத்துக்கு? நானெண்டா இந்தப் பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம். வீட்டில காலமை எழும்பினா கிட்டார், படுக்கேக்க கிட்டார். எங்க விட்டவர், எங்க பிழைச்சவர் எண்டு நான் சொல்லுவன்."

லைட்டை அணைத்தார்கள். கதவுகளையும் சாத்தினார்கள். மேடையிலிருந்து புகை வந்தது. நெருப்பு என்று நினைத்து எழும்பப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, அது மெஷின் புகை, அழகுக்கு விடுவது என்றார். பிறகு முதல் அடி. காதில் விழவில்லை, நேராக நெஞ்சுக்குள் விழுந்தது. எனக்கே இப்படி என்றால் கம்பிச் சுருள் வைத்த நெஞ்சுக்கு எப்படி இருக்கும்?

முதல் பக்கத்தில் எத்தனை பாட்டு வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பாட்டைக் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு லைட் விழுந்தால் சிவப்பாக இருக்கும், பச்சை விழுந்தால் பச்சையாக இருக்கும். மனிதனுடைய உண்மையான நிறம் என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அந்த நிறத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் மாத்தயா இருமினதும் மண்டபமே கைதட்டிச் சிரித்தது. நான் அப்போதும் தேடிக்கொண்டிருந்தேன்.

ரெக்கோர்ட்டைத் திருப்பிப் போடுகிற மாதிரி நடுவில் ஒரு இடைவேளை விட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஓடினேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு?"

"பாட்டா?"

"நெஞ்சு."

"மெதுவாப் பேசு." சுற்றிப் பார்த்துக்கொண்டார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. போ, போய் ஒக்காரு."

"இந்தப் போத்தலயாவது பையில வச்சிக்கங்க."

"அது கிலுகிலுன்னு ஆடும் புள்ள. ரெக்கோர்ட்ல அந்தச் சத்தம் இல்ல."

இரண்டாவது பக்கம் தொடங்கியது. சில பாட்டுப் போன பிறகு நானா சொன்னது நடந்தது. என்ஜினியர் ஐயா கிட்டாரை இறக்கி வைத்துவிட்டுப் போனார். மாத்தயா போனார். நானா போனார். மேடையில் இவர் ஒருத்தர்தான். மேலேயிருந்து ஒரு சின்ன நீல லைட்.

மெதுவாகத் தொடங்கினார். இங்கிலீஷ்காரன் ரெக்கோர்ட்தான், ஆனால் கை மாமனாருடைய கை. எனக்கு அப்படித்தான் கேட்டது. தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே சாவு எடுத்துப்போகும்போது அடிக்கிற நடை. இது என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம். அடி கூடிக்கொண்டே வந்தது. கை தெரியவில்லை, குச்சி தெரியவில்லை. பிள்ளைகள் எழும்பி நின்று கத்தினார்கள். நான் போத்தலின் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது நின்றது.

இரண்டு கையும் கீழே தொங்கியது. தலை நெஞ்சில் விழுந்தது. கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளும் கப்பென்று அடங்கினார்கள். ஒருத்தரும் அசையவில்லை. இருமல்கூட இல்லை.

எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது, பாதை பிரிகிற இடத்தில் பாடையைக் கீழே இறக்கித் திசை மாற்றித் தூக்குவார்கள். அந்த இடத்தில் தப்பு நிற்கும். அதுவரை அழுதுகொண்டு வந்த பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது, அங்கேயிருந்து திரும்பிவிட வேண்டும். செத்தவன் பெண்சாதியாக இருந்தாலும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் அந்த இடத்தில் நின்று திரும்பியவள் நான். ஓடுகிற மேளம் நடுவில் நின்றால் எனக்கு அதற்கு வேறு அர்த்தம் தெரியாது.

எழும்பிவிட்டேன்.

"இருங்கோ அக்கா, எங்க போறியள்? இது..." என்று அந்த அம்மா சேலையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். நான் திரும்பிப் போகிற ஆள் இல்லை அன்றைக்கு. இத்தனை பேர் பார்க்க மேடைப்படியை நோக்கி நடந்தேன். வாசலில் தபால்காரன் நின்றாலே கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் நான். கால் எப்படி நடந்தது என்று தெரியாது. பக்கப் படியில் ஏறித் திரைச்சீலைக்குள் போனதும் நானா குறுக்கே வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தங்கச்சி போற? அது பாட்டுல ஈக்கிற நிப்பாட்டு! ரெக்கோர்ட்ல அப்படித்தான்!"

"அவருக்கு நெஞ்சு வருத்தம் நானா. கம்பி வச்சிருக்கு. விடுங்க, செத்துப் போயிட்டாரு."

நானாவின் கை என் தோளிலேயே நின்றுவிட்டது. அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நீல லைட்டுக்குக் கீழே தலை குனிந்தபடியேதான் இருந்தது.

திடீரென்று பெரிய ட்ரம்மில் ஒரு அடி. இன்னொரு அடி. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கூச்சல். அவர் தலை நிமிர்ந்து பழையபடி அடிக்கத் தொடங்கினார்.

நான் அங்கேயே தரையில் உட்காரப் போனேன். நானா ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து, ட்ரம்ஸுக்குப் பின்னால் இருட்டில் போட்டு என்னை உட்கார வைத்தார். "அல்லாஹ்வே" என்று மட்டும் சொன்னார். தனி மேளம் முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கீபோர்டுக்குப் போனார். கடைசிப் பாட்டுக்கு மற்ற இருவரும் வந்து நின்றார்கள்.

நான் என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கே இருப்பதைக் கண்ட மாதிரியும் தெரியவில்லை. ஆனால் கடைசிப் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், மாத்தயா சனங்களிடம் ஏதோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இடது கை பின்னால் நீண்டது. உள்ளங்கை மேல் பார்த்தபடி இருந்தது. போத்தலைத் திறந்தேன். அவசரத்தில் இரண்டு மூன்று மாத்திரை மடியில் சிந்தியது. ஒன்றை அந்தக் கையில் வைத்தேன். கை வாய்க்குப் போனது. பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டை முடிவு வரைக்கும் அடித்தார்.

கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கிழவி குறுக்கே நடந்ததும் நிகழ்ச்சியில் ஒரு பங்கு என்று நினைத்தார்களோ என்னவோ, வெளியில் வரும்போது ஒரு கறுப்புச் சட்டைப் பிள்ளை எனக்கும் கை கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அவருக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"எதுக்கு மாத்திரை கேட்டீங்க?"

"நீ பின்னால வந்து ஒக்காந்திருந்தியே. சும்மா இருக்காளேன்னு ஒரு வேலை குடுத்தேன்."

"நெசத்தச் சொல்லுங்க. நின்னீங்களே, அப்ப வலிச்சிச்சா?"

"அது பாட்டுல உள்ளது. தெனமும் காலையில தலவாணியில அதத்தானே அடிக்கிறேன். நீ பாக்கலியா?"

"தலவாணியில நிக்கிறது எப்பிடிங்க கேக்கும்?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார். தூங்குகிற மாதிரிக் கிடந்தாரோ தெரியாது. நான் விடியும் வரை மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல வேளையாக நானா மற்ற இருவரிடமும் சொல்லவில்லை. கடையில் தனியாகப் பார்த்து அவரிடம் கேட்டேன்: "நானா, ரெக்கோர்ட்ல எவ்வளவு நேரம் நிக்குமோ அவ்வளவு நேரம்தான் நின்னாரா? அதுக்கும் கூட நின்னாரா?"

"நான் ஒங்களப் புடிச்சிக்கிட்டுல்ல நின்டேன் தங்கச்சி. நீங்க சொன்னதக் கேட்டு எனக்கே மூச்சு நின்டு போச்சி. எண்ணவா முடியும்?"

சரியான ஆளிடம்தான் கேட்டேன், ஆனால் அந்த நேரத்தில் அவரைக் கணக்குத் தவற வைத்ததே நான்தான். என்ஜினியர் ஐயாவின் சம்சாரத்துக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், ஆனால் அவரும் என் பின்னால் மேடைப்படி வரைக்கும் ஓடி வந்ததில் கவனிக்கவில்லையாம்.

இப்போது கண்டியில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே ரெக்கோர்ட், அதே வரிசை. அவர் மறுபடி தலையணையில் பழகுகிறார். நானா என்னிடம் இரகசியமாகச் சொன்னார்: "நான் தடுக்க மாட்டேன், போகவும் சொல்ல மாட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, ஏதாவது சாட்டுச் சொல்லி நிப்பாட்டிருவேன்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் தவிக்கிறேன். நிகழ்ச்சியை நிறுத்தினால் அந்தச் சிரிப்பும் நின்றுபோகும். விட்டால் என்ன நிற்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதை வாசித்துத் திருத்திக் கொடுக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துப் பிழையை உங்கள் இஷ்டத்துக்குத் திருத்துங்கள். இருமல் வருவது இரண்டாவது பாட்டுக்குப் பிறகா மூன்றாவதுக்குப் பிறகா என்பதும் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை, அதையும் பாருங்கள். ரெக்கோர்ட்டின் பெயரை ரேடியோக்கடை நானாவிடம் கேட்டால் சொல்லுவார். அன்றைய நிகழ்ச்சியை யாரோ வீடியோ எடுத்து என்ஜினியர் ஐயாவின் சம்சாரத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மேளம் நிற்கிற இடத்தை மட்டும் ஒத்துப் பாருங்கள். நான் பார்க்கலாம்தான். என்னால் முடியாது, அந்தத் தலை தொங்குவதை இன்னொரு தரம் காண முடியாது.

இரண்டும் சரிசமம் என்றால் போகட்டும், பின்னால் எனக்கும் ஒரு கதிரை போடச் சொல்வேன். மேடையில் நின்ற நேரம் கூடுதல் என்றால் நானாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. எதுவானாலும் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். காலையில் அவர் பால் வாங்கக் கடைக்குப் போவார், அந்த நேரம் பார்த்து வாருங்கள்.